முதல் வயலின் வாசித்தவர் பெயர் ஆலிஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வியன்னாவின் கான்சென்டுஸ் மூசிகுஸ் இசைக்குழுவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய காலத்து ஐரோப்பிய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கும் ஒரு குழுவுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். அதற்கு முதலில் நன்றி. அப்புறம்தான் சண்டை.

படத்துக்குக் கீழே 'நிக்கோலவுஸ் ஹார்னோன்கூர், அருகில் அவரது மனைவி' என்று போட்டிருக்கிறீர்கள். அருகில் இருப்பவர் கையில் வயலின் இருக்கிறது. கணவர் வாசிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன வயலின் இல்லை அது. அவர் பெயர் கட்டுரையில் எங்காவது வருகிறதா என்று இரண்டு முறை தேடினேன், இல்லை. அவர் ஆலிஸ் ஹார்னோன்கூர். 1953-இல் குழு தொடங்கிய நாளிலிருந்து 1985 வரை அதன் முதல் வயலின் அவர்தான். கட்டுரையாளர் 'ஹார்னோன்கூர் தனி மனிதராகக் கட்டி எழுப்பிய குழு' என்று எழுதியதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஆலிஸ் பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. வியன்னாவில் வயலின் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். தந்தி மாற்றுவது, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையைச் செதுக்குவது, விட்டுப்போன ஒட்டை மறுபடி ஒட்டுவது என்று கைவேலை. வாசிப்பதும் உண்டு, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. கான்சென்டுஸ் கச்சேரிகளை மூசிக்ஃபெரைன் அரங்கத்தின் பின்பக்கம் நின்றுகொண்டே கேட்டவள். நிற்கும் இடத்துச் சீட்டுதான் என் வசதிக்குக் கட்டுப்படி.

முதல் வயலின் என்றால் என்ன வேலை என்று எல்லா வாசகர்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. வில்லைக் கீழே இழுப்பதா மேலே தள்ளுவதா, எந்தச் சுரத்தில் அழுத்தம், எங்கே மூச்சுவிட இடம் என்பதையெல்லாம் முதல் வயலின் தீர்மானிப்பார். மற்ற வயலின்கள் அந்த வில்லைப் பார்த்துத்தான் வாசிக்கும். கான்சென்டுஸில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். ஏனென்றால் தொடக்க ஆண்டுகளில் அங்கே முன்னால் குச்சி பிடித்து நின்ற நடத்துநர் என்று யாரும் கிடையாது. நிக்கோலவுஸ், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவோடு குழுவுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து அவர் நினைத்ததெல்லாம் கேட்பவர் காதுக்கு வந்தது ஆலிஸின் வில் வழியாக.

இருவரும் அறிமுகமானது வியன்னா இசைக் கல்லூரியில். அங்கே யோசெப் மெர்ட்டின் என்ற ஆசிரியர் பழைய இசையை எப்படி வாசிப்பது என்று ஒரு வகுப்பு நடத்திவந்தார். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஆனால் கட்டுரையில் அவரும் இல்லை. 1949-இலேயே நான்கு பேர் சேர்ந்து ஒரு கம்பா நால்வர் குழு தொடங்கினார்கள். கம்பா என்பது வயலின் குடும்பத்துக்கு ஒரு தூரத்து உறவு. முழங்கால்களுக்கு நடுவே வைத்து, வீணையைப் போல மெட்டு கட்டிய கழுத்தில் விரல் வைத்து, வில்லால் வாசிப்பது. அந்த நால்வர் நிக்கோலவுஸ், எடுவார்ட் மெல்குஸ், ஆல்ஃப்ரெட் ஆல்டன்பர்கர், ஆலிஸ் ஹோஃபெல்னர். ஹோஃபெல்னர் ஆலிஸின் பிறந்த வீட்டுப் பெயர். 1950-இல், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இறந்து 200 ஆண்டு ஆனபோது, அவருடைய 'ஃபியூக் கலை' என்ற படைப்பை இந்த நால்வரும் வாசித்தார்கள். கல்யாணத்துக்கு மூன்று ஆண்டு முன்பு நடந்தது இது. ஆக, மனைவியான பிறகு கணவரின் குழுவில் வந்து ஒட்டிக்கொண்டவர் இல்லை ஆலிஸ். பாரிஸில் வயலின் கலைஞர் ழாக் திபோவிடம் பயின்றவர். தனிக் கலைஞராகப் போயிருந்தால் அவருக்குத் தடை ஒன்றும் இருந்திருக்காது.

1952-இல் நிக்கோலவுஸுக்கு வியன்னா சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிக்கும் வேலை கிடைத்தது. அவரைத் தேர்ந்தெடுத்தவர் நடத்துநர் ஹெர்பர்ட் ஃபன் கராயான். மாதச் சம்பளம் வரும் வேலை. அடுத்த ஆண்டு கல்யாணம், அதே ஆண்டு கான்சென்டுஸ். வியன்னா அப்போது நான்கு வல்லரசுகளின் பிடியில் இருந்தது. ஆஸ்திரியா மறுபடி முழு விடுதலை பெற்ற நாடானது 1955-இல்தான். அந்த நிலைமையில் சில ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பகலில் பிராம்ஸும் புரூக்னரும் வாசித்துச் சம்பளம் வாங்கிவிட்டு, மிச்ச நேரத்தில் ஹார்னோன்கூர் வீட்டில் கூடி, யாருக்கும் தேவைப்படாத இசையை யாரும் வாசிக்காத வாத்தியங்களில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கச்சேரி கிடையாது, காசும் கிடையாது. இப்படி நான்கு ஆண்டு. முதல் பொதுக் கச்சேரி 1957-இல் ஷ்வார்ட்சன்பெர்க் மாளிகையில் நடந்தது. தங்கள் கட்டுரை குழுவே 1957-இல் பிறந்ததாகச் சொல்கிறது. அந்த நான்கு ஆண்டையும் துடைத்துவிட்டால் இந்தக் கதையில் பாதி போய்விடும்.

அந்த நான்கு ஆண்டில் என்ன செய்தார்கள்? மாக்ஸிமிலியான் பேரரசர் காலத்து அரண்மனை இசையில் தொடங்கி, ஈஸாக், பிறகு ஷ்மெல்ட்சர், பீபர், மூஃபாட், ஃபுக்ஸ் என்று அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் வழியாக வந்தார்கள். இதில் பலவற்றுக்கு அச்சுப் பிரதியே கிடையாது. நூலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியைப் பார்த்து நகலெடுக்க வேண்டும். அதை நிக்கோலவுஸ் செய்தார். எடுத்த நகலை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய தாளாக்கி, வில் குறிகளைப் போட்டு மேசையில் வைக்கும் வேலையில் ஆலிஸின் பங்கு பெரிது. நான்கு பிள்ளைகளை வளர்த்ததும் இதே வீட்டில், இதே ஆண்டுகளில்தான்.

இப்போது வாத்தியங்களுக்கு வருகிறேன். எனக்குக் கொஞ்சம் தெரிந்த பகுதி இதுதான், அதனால் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையாளர் 'பழைய வாத்தியங்களை வாங்கி வாசித்தார்கள்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். அப்படிக் கடையில் போய் வாங்கிவந்து வாசித்துவிட முடியாது. 1700-ஐ ஒட்டிச் செய்த ஒரு வயலின் இன்று கையில் கிடைத்தால், அநேகமாக அது 1700-இல் இருந்த நிலையில் இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரங்கங்கள் பெரிதாயின, அதிகச் சத்தம் தேவைப்பட்டது, தந்தியின் இழுவையைக் கூட்டினார்கள். அதைத் தாங்குவதற்காகப் பழைய வயலின்களைப் பிரித்துக் கழுத்தை அறுத்துவிட்டு, நீளமான புதுக் கழுத்தைப் பின்பக்கம் சாய்வாகப் பொருத்தினார்கள். உள்ளே மேல்பலகைக்கு அடியில் ஓடும் பட்டையையும் கனமாக்கினார்கள்.

எங்கள் மேசைக்கு வரும் பழைய வயலின்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தலையில் இருக்கும் சுருள் பழையதாகவே இருக்கும், ஏனென்றால் செய்தவரின் கையெழுத்து போல அது. அதை யாரும் தூக்கி எறியமாட்டார்கள். பிரடைகள் செருகியிருக்கும் பெட்டியின் ஓரமாக விரல் நகத்தை ஓட்டினால் ஒரு மெல்லிய கோடு தட்டுப்படும். அதற்கு மேலே முந்நூறு வயது மரம், கீழே நூற்றைம்பது வயது மரம். வார்னிஷ் நிறத்தை எவ்வளவுதான் ஒத்துப்போகும்படி பூசியிருந்தாலும் மரத்தின் ரேகை அந்தக் கோட்டில் நின்றுபோவது தெரியும். இதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுபோவதற்குக் கழுத்தின் சாய்வைக் குறைத்து, விரல்பலகையை மாற்றி, உள்பட்டையை மெலிதாக்கி, குதிரையைப் புதிதாகச் செதுக்க வேண்டும். 1950-களில் இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

பிறகு தந்தி. இன்றைய வயலினில் மேல் தந்தி எஃகு. அன்று ஆட்டுக்குடலைத் திரித்து உலர்த்தியது. புதுக் குடல் தந்தியைப் பிரடையில் சுற்றினால் உடனே நிற்காது. சுருதி சேர்த்துவிட்டு அடுத்த வயலினை எடுப்பதற்குள் இறங்கியிருக்கும். மழை நாளில் ஒரு சுருதி, அரங்கத்தில் விளக்கு போட்டுச் சூடானதும் இன்னொரு சுருதி. வாசிக்க வாசிக்க விரல் படும் இடத்தில் மெல்லிய ரோமம் போலப் பிரிந்து எழும்பும். அதைப் பிடித்து இழுத்தால் தந்தி முழுவதும் உரிந்துகொண்டு வந்துவிடும், நகவெட்டியால் அடியோடு நறுக்க வேண்டும். எண்ணெய் தொட்ட துணியால் லேசாகத் துடைத்தால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். இத்தனை தொல்லைக்கும் எதற்கு அது என்று வாடிக்கையாளர்களே கேட்பார்கள். வில்லை வைத்ததும் எஃகுத் தந்தி உடனே பளிச்சென்று பாடத் தொடங்கும். குடல் தந்தியில் முதலில் ஒரு சிறு உரசல் கேட்கும், அதற்குப் பிறகு நாதம் திறக்கும். பேசும்போது 'க'வுக்கும் 'ட'வுக்கும் முன்னால் வாயில் நடக்கும் வேலையை அங்கே கையில் செய்கிறார்கள்.

வில்லும் வேறு. இன்றைய வில் உள்பக்கமாக வளைந்தது, அடியிலிருந்து நுனிவரை ஒரே பலத்தோடு இழுக்கலாம். 1780-களை ஒட்டிப் பாரிஸில் தூர்த் என்ற வில் செய்பவர் உருவாக்கிய வடிவம் அது. அதற்கு முந்தைய வில் வெளிப்பக்கம் லேசாக வளைந்தது, நுனி எடையில்லாதது. அதில் இழுத்தால் சுரம் பிறந்து, நிறைந்து, தானே தேயும். எவ்வளவு முயன்றாலும் கம்பி போல நீட்டி இழுக்க வராது. பாக்கின் வரிகளில் அடுத்தடுத்து வரும் சுரக்கூட்டங்கள் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று ஏட்டைப் பார்த்து ஆயிரம் கட்டுரை எழுதலாம். அந்த வில்லைக் கையில் எடுத்தால் அது பாதி பதிலைச் சொல்லிவிடும். நான்கு ஆண்டு வீட்டுக்குள் நடந்த வேலை இதுதான் என்று நினைக்கிறேன். சிறுவயதிலிருந்து பழகிய கையை மறக்கவைப்பது. அதுவும் காலையில் சம்பள வேலைக்குப் போய் அதே பழகிய கையால் வாசித்துவிட்டு வந்து.

ஆலிஸ் வாசித்தது டிரோல் மலைநாட்டு அப்சாம் ஊரில் யாக்கோப் ஷ்டைனர் 1665-இல் செய்த வயலின். நிக்கோலவுஸின் செல்லோ பாரிஸில் காஸ்தாஞ்யேரி 1744-இல் செய்தது. இதையெல்லாம் நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. கான்சென்டுஸ் இசைத்தட்டு உறைகளிலேயே யார் எந்த வாத்தியம், யார் செய்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், இன்று எல்லாரும் கொண்டாடும் இத்தாலிய வயலின் ஆசாரி ஸ்ட்ராடிவாரியைவிட ஷ்டைனருக்குத்தான் மதிப்பு அதிகம். அவருடைய வயலினின் வயிறு உயர்ந்து புடைத்திருக்கும். சத்தம் சின்னது, இனிமையானது. பெரிய அரங்கத்துக்காக மாற்றிக் கட்டியபோது ஸ்ட்ராடிவாரி தாக்குப்பிடித்தது, ஷ்டைனரின் மவுசு இறங்கியது. கான்சென்டுஸ் தேடிய ஒலிக்கு அந்தச் சின்னச் சத்தம்தான் பொருத்தம்.

இந்த வாத்தியங்கள் சும்மா வந்துவிடவில்லை. சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது. நிக்கோலவுஸ் பிரபு வம்சம், ஆஸ்திரிய இளவரசர் யோஹானின் வழிவந்தவர் என்று கட்டுரையில் படித்ததும் பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைத்திருப்பார்கள். 17 ஆண்டு, அதாவது 1969 வரை, அவர் ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வரிசையில் உட்கார்ந்து சம்பளத்துக்கு வாசித்தவர். மொத்சார்ட்டின் ஜி மைனர் சிம்ஃபனியை இனியும் அப்படி வாசிக்க முடியாது என்ற கட்டத்தில்தான் வேலையை விட்டார்.

கட்டுரையில் 'உலகின் முதல்' என்ற சொல்லையும் கவனித்தேன். அது சரியில்லை. ஸ்விட்சர்லாந்தின் பாசெலில் இதற்கென்றே பால் ஸாஹெர் 1933-இல் ஒரு பள்ளி தொடங்கிவிட்டார். அங்கே ஆகுஸ்ட் வென்ட்சிங்கர் இருந்தார். இங்கிலாந்தில் ஆர்னால்டு டோல்மெட்ச் இன்னும் முந்தியவர், வாத்தியங்களை அவரே செய்தார். கான்சென்டுஸின் பெருமை வேறு. பல ஆண்டுகளாகச் சேர்ந்தே வாசித்த, அன்றாடம் தொழில்முறையில் வாசிக்கும் கைகள் அங்கே இருந்தன. வியோலாவில் கூர்ட் டைனர், ஓபோவில் யூர்க் ஷேஃப்ட்லைன், புல்லாங்குழலில் லியோபோல்ட் ஸ்டாஸ்ட்னி, பியானோவுக்கு முந்தைய விசைவாத்தியமான ஹார்ப்சிகார்டிலும் ஆர்கனிலும் ஹெர்பர்ட் டாஹெட்சி. 1960-களின் இசைத்தட்டு எதை எடுத்தாலும் இந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். தனி மனிதரின் குழு என்று எழுதும்போது இவர்களும் சேர்ந்தே காணாமல் போகிறார்கள்.

அந்தப் பதிவுகளெல்லாம் குறையற்றவை என்று சொல்லவரவில்லை. 1964-இல் பதிவான, பாக்கின் பிராண்டன்பர்க் கான்சர்ட்டோக்களைக் கேளுங்கள். முதல் கான்சர்ட்டோவில் ஹார்ன் என்ற ஊதுகொம்புகள் சுருதி விலகி எங்கெங்கோ போகும். வால்வு இல்லாத ஹார்ன், உதட்டாலும் மூச்சாலும்தான் சுரம் பிடிக்க வேண்டும், அப்போது அது யாருக்கும் முழுதாகக் கைவரவில்லை. இன்று இருபது வயதுப் பையன்கள் அதே ஹார்னை அலட்டிக்கொள்ளாமல் வாசிக்கிறார்கள். இருந்தும் அந்த 1964 பதிவைத்தான் நான் அடிக்கடி போடுகிறேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வாசிப்பது அதில் தெரியும்.

அடுத்தது பாக்கின் கன்டாட்டாக்கள், அதாவது பெரும்பாலும் தேவாலய வழிபாட்டுக்காகப் பாட்டும் வாத்தியமும் சேர்த்து எழுதிய படைப்புகள். ஏறத்தாழ 200. 1971-இல் வெளிவரத் தொடங்கி 1980-களின் கடைசிவரை இழுத்தது. ஒரு பகுதியை வியன்னாவில் கான்சென்டுஸ், மீதியை ஆம்ஸ்டர்டாமில் குஸ்டாஃப் லெயோன்ஹார்ட்டின் குழு என்று பிரித்துக்கொண்டார்கள். தட்டோடு இசைக்குறிப்புப் புத்தகத்தையும் சேர்த்தே விற்றார்கள். 1980-இல் இருவருக்கும் சேர்த்து எராஸ்முஸ் பரிசு கிடைத்தது. இவ்வளவும் தங்கள் கட்டுரையில் இருக்கிறது, ஆகவே நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பாக் காலத்துத் தேவாலயத்தில் பெண்கள் பாடவில்லை. அதனால் இந்தப் பதிவுகளிலும் மிக உயர்ந்த குரலுக்கான சொப்ரானோ பகுதிகளைப் பெரும்பாலும் சிறுவர்களே பாடினார்கள். சில இடங்களில் பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு எட்டவில்லை. ஆனால் அதே பதிவுகளில் வயலின்களை முன்னின்று நடத்தியவர் ஆலிஸ். பாக் காலத்து லைப்ஸிக் தேவாலயத்தில் அதற்கும் வழி இருந்திருக்காது. அந்தக் காலத்தைப் போலவே செய்கிறோம் என்று கிளம்பியவர்கள், இந்த ஒரு விஷயத்தில் அந்தக் காலத்தைக் கண்டுகொள்ளவில்லை. நல்லவேளை.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, அதே ஊரில் அதே அரங்கத்தில் வாசிக்கும் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கைப் பாருங்கள். அங்கே ஒரு பெண் முதன்முதலில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது 1997-இல். கான்சென்டுஸில் ஒரு பெண் முதல் நாற்காலியில் உட்கார்ந்தது 1953-இல். நடுவில் 44 ஆண்டு. இதை யாரும் அன்று கொள்கையாகப் பறைசாற்றியதாகத் தெரியவில்லை. நன்றாக வாசித்தார், உட்கார்ந்தார். இப்படிப்பட்ட ஒரு குழுவைப் பற்றி எழுதும் கட்டுரையிலேயே அவர் பெயரற்ற மனைவியாகிப் போனால் எனக்குக் கோபம் வராதா?

கட்டுரையின் கடைசிப் பகுதியில் 'அருங்காட்சியக இசை' என்று ஒரு தொடர் வருகிறது. பாராட்டாகச் சொன்னாரா, கேலியா என்று பிடிபடவில்லை. எப்படியானாலும் பொருந்தாது. நிக்கோலவுஸ் 1970-களின் நடுவிலிருந்து ஆம்ஸ்டர்டாமின் கான்சர்ட்கபாவ் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார், அவர்கள் வாசித்தது நவீன வாத்தியங்களில். ஐரோப்பிய சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோடு பீத்தோவனின் ஒன்பது சிம்ஃபனிகளையும் பதிவு செய்தபோது மற்றதெல்லாம் நவீனம், டிரம்பெட் மட்டும் வால்வு இல்லாத பழைய வகை. அங்கே பொருந்துகிறது, இங்கே வேண்டாம் என்று காதை வைத்து முடிவெடுத்திருக்கிறார். பழையது என்பதற்காகவே கும்பிடுகிறவர் இப்படிச் செய்யமாட்டார்.

1985-இல் ஆலிஸ் முதல் நாற்காலியிலிருந்து எழுந்தார். வீட்டுக்குப் போய்விடவில்லை. எரிஹ் ஹோபார்ட் முன்வரிசையை ஏற்றுக்கொள்ள, இவர் கூட்டத்தோடு கூட்டமாக வயலின் வரிசையில் உட்கார்ந்து இன்னும் 30 ஆண்டு வாசித்தார். நான் பார்த்தது இந்த ஆலிஸைத்தான். பின்பக்கம் நிற்பவர்களுக்குத் தலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிதான் மேடை, அந்த இடைவெளியில் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு அம்மா. பக்கத்தில் வாசித்த இளையவர்கள் உடம்பை ஆட்டி வாசிப்பார்கள், இவரிடம் முழங்கைக்குக் கீழே மட்டும் அசைவு. வரி முடியும் இடத்தில் எல்லாருடைய வில்லும் ஒன்றாக எழும், அவருடைய வில்லும் எழும், ஒரு இமை முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டு மற்றவர்களுக்கு வில்லைக் காட்டியவர், தான் உருவாக்கிய குழுவிலேயே இன்னொருவர் வில்லைப் பார்த்து வாசிக்கச் சம்மதிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் தொழிலில் நான் பார்த்தவரை முன்வரிசையை விட்ட கலைஞர்கள் பலரும் அதோடு வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள்.

2015 டிசம்பரில், 86 வயது நிறைவதற்கு முந்தைய நாள், நிக்கோலவுஸ் ரசிகர்களுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அது நிகழ்ச்சி நிரலோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. உடம்பு ஒத்துழைக்கவில்லை, இனி மேடைக்கு வர முடியாது என்பதுதான் விஷயம். கேட்பவர்களும் வாசிப்பவர்களும் சேர்ந்து மகிழ்ச்சியாகத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு கூட்டமாக ஆகிவிட்டோம் என்று அதில் எழுதியிருந்தார். தனி மனிதர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை, தங்கள் கட்டுரையாளர்தான் சொன்னார். 2016 மார்ச் 5 அன்று அவர் காலமானார். ஆலிஸ் அவருடைய பழைய குறிப்புகளைத் தொகுத்து, குழு உருவான கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 2022 ஜூலையில், 91 வயதில், ஆலிஸும் மறைந்தார்.

குழு நின்றுவிட்டது என்ற தொனியில் கட்டுரை முடிகிறது. நிற்கவில்லை. 2016 முதல் ஷ்டெஃபான் கோட்ஃப்ரீட் முன்னின்று நடத்துகிறார். ஹார்ப்சிகார்ட், பழைய பியானோ இரண்டும் வாசிப்பவர், நிக்கோலவுஸோடு பல ஆண்டு வேலை செய்தவர். மூசிக்ஃபெரைனில் கச்சேரிகள் தொடர்கின்றன, நிற்கும் இடத்துச் சீட்டும் கிடைக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் வாசகர்களுக்கு நான் சொல்வது 1977-இல் வந்த விவால்டியின் 'நான்கு பருவங்கள்'. தனி வயலின் ஆலிஸ். 'கோடை'யின் கடைசிப் பகுதியில் புயல் வரும்போது ஒலிப்பெருக்கியைக் கொஞ்சம் கூட்டிவைத்துக் கேளுங்கள், குடல் தந்தியில் வில் உரசுவது கேட்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வியன்னா